கீரை பூத்த பிறகு

தன் தம்பிக்கு அவன் மனைவி கிண்ணத்தில் அளந்து கீரை போடுகிறாள் என்று நாத்தனார் கண்டவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கறையக்காவால் அதை மறுக்கவும் முடியவில்லை. அது உண்மை. விளிம்பு நசுங்கிய ஒரு எவர்சில்வர் கிண்ணம். வேகவைத்த கீரையை அதில் நிரப்பி, கத்தியின் முதுகால் மட்டமாக வழித்துவிட்டுத்தான் கணவரின் தட்டில் கவிழ்ப்பாள்.

கறையக்கா என்பது வேலையிடத்தில் விழுந்த பெயர். ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், சலவைக்கூடத்து நீராவிக்கு நடுவே அவளுக்கென்று ஒரு மேஜை. மாடிகளிலிருந்து வண்டி வண்டியாக இறங்கும் படுக்கை விரிப்பு, மேஜைத்துணி, தலையணை உறை எல்லாம் மெஷினுக்குள் போவதற்கு முன் அவள் கண்ணில் பட்டாக வேண்டும். டீயா, மதுவா, உதட்டுச் சாயமா, ரத்தமா என்று பார்த்ததுமே கண்டுபிடித்து, அதற்கான மருந்தைப் போட்டுத் தேய்த்து அனுப்புவாள்.

"எந்த ரூம்ல என்ன நடந்துச்சுன்னு மேனேஜரை விட உங்களுக்குத்தான்க்கா தெரியும்" என்று இஸ்திரி போடும் பெண்கள் சீண்டுவார்கள்.

"தெரிஞ்சு என்னடி பண்றது, துவைச்சுத்தானே குடுக்கிறேன்" என்பாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டிடங்களின் தலைக்கு மேல் ஏறி, கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக் கொண்டிருந்த மனிதர். ஆறு வருடங்களுக்கு முன் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய், அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அதற்குப் பிறகு கம்பெனி அவரை உதிரிபாக ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டது. வீடு அமைதியாக இருந்தால் அவர் நெஞ்சிலிருந்து டிக், டிக் என்று மெல்லிய சத்தம் கேட்கும். "எனக்குள்ளயே ஒரு லிஃப்ட் ஓடுது, எந்த மாடியில நிக்கும்னுதான் தெரியல" என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். கறையக்கா மட்டும் சிரிக்கமாட்டாள். அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் அவளுக்குக் கண் மூடும்.

டாக்டரம்மா அன்றைக்கே தெளிவாகச் சொல்லியிருந்தார். "ரத்தம் கெட்டியானா வால்வுல கட்டி அடைச்சுக்கும். ரொம்ப நீர்த்துப்போனா உள்ளுக்குள்ள எங்க வேணா ஒழுகும். ரெண்டும் ஆபத்து. நடுவுல நிறுத்தத்தான் இந்த மாத்திரை. பச்சைக் கீரை இருக்கு பாருங்க, அது இந்த மாத்திரையோட வேலையைக் குறைக்கும். அதுக்காகக் கீரையே கூடாதுன்னு சொல்லல. வாரா வாரம் ஒரே அளவு. திடீர்னு கூட்டாதீங்க, திடீர்னு நிறுத்தாதீங்க. நீங்க என்ன சாப்பிடுறீங்களோ அதுக்குத் தகுந்த மாதிரிதான் நான் மாத்திரை குடுப்பேன்."

அன்றிலிருந்து வந்ததுதான் அந்தக் கிண்ணம். வாரத்தில் இரண்டு நாள், ஒரு கிண்ணம். அவர் எதிரில் தான் மட்டும் அள்ளிச் சாப்பிடுவது பாவம் என்று கறையக்காவும் அதே கிண்ணத்தில் அளந்துகொண்டாள். குளிர் விட்டு, தெருவோர மரங்கள் துளிர்க்கும் முதல் வாரத்தில் சந்தை பச்சைப்பசேலென்று ஆகிவிடும். ஈரம் சொட்டும் பசலைக்கீரை, முள்ளங்கித் தழை, வெங்காயத்தாள், விரல் பட்டாலே ஒடியும் பட்டாணி. சின்ன வயதில் கட்டுக் கட்டாகத் தின்று வளர்ந்தவள் அவள். இப்போது அந்த வரிசையைக் கடக்கும்போது எதிர்ப்பக்கத்து வெங்காய மூட்டையைப் பார்த்துக்கொண்டே நடந்துவிடுவாள்.

நாத்தனாருக்கு வசந்தம் என்றால் அது ஒரு வேள்வி. வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்தி போட்டிருந்தாள். மண் இளகியதும் தளிர் கிள்ளி, அரைத்து, வடிகட்டி, ஜக்கில் ஊற்றி, கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பாள். "குளிர்காலம் முழுக்க உள்ள சேர்ந்த அழுக்கு வெளிய போகணும். இயற்கை அந்தந்த காலத்துக்கு என்ன வேணும்னு பார்த்துத்தான் முளைக்க வைக்குது" என்பாள். தெருவில் அவளுக்குப் பச்சை டாக்டர் என்று பெயர். அது கேலி என்பது அவளுக்கு இன்று வரை தெரியாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். இணைப்பைக் கொடுப்பதும் துண்டிப்பதும் தன் கையில்தான் என்கிற நினைப்பு அந்த வேலையோடு போகவில்லை. அடுத்தவர் பேச்சில் தனக்கு வேண்டியது வந்ததும் அவள் காது தானாகக் கட்டாகிவிடும்.

"என் தம்பியைப் பாரேன், வத்தலா காய்ஞ்சு கிடக்கான். நல்ல காலத்துல நாலு இலை தின்னாத்தானே ரத்தம் ஊறும்" என்று அந்த வருடம் குளிர் விடும்போதே ஆரம்பித்தாள்.

"டாக்டர் சொன்ன அளவு அண்ணி அது. கூடக் கூடாது."

"டாக்டர் ஆயிரம் சொல்லுவா. வளர்த்தவ நானு."

 கறையக்கா கிண்ணத்தைக் கழுவி வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு அதிசயம் நடந்தது. மெக்கானிக்கின் முகம் தெளிந்தது. படி ஏறும்போது இடையில் நின்று மூச்சு வாங்குகிறவர், பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஏறி வந்தார். "உடம்பு லேசா இருக்கு. ஏதோ கழட்டி வச்ச மாதிரி" என்றார். கறையக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு வருடம் அளந்து போட்டதற்கு இப்போதுதான் பலன் கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் இனிப்புகூட வாங்கிக் கொடுத்தாள்.

ஒன்றுதான் உறுத்தியது. சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவருக்குப் பசியே இருப்பதில்லை. "ஸ்டோர்ல டீயோட பிஸ்கட் தின்னுட்டேன்" என்பார். ஒருநாள் சட்டைக்கையின் ஓரத்தில் பச்சையாக ஒரு திட்டு இருந்தது.

"என்னங்க இது?"

"ஸ்டோர்க் கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சாங்க. சாஞ்சுட்டேன்."

கறையக்கா பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒற்றினாள். பச்சை அப்படியே பஞ்சுக்கு ஏறிக்கொண்டது. காய்ந்த பெயிண்ட் அப்படி ஏறாது. இது இலைச்சாறு.  வேலிச் செடியில் உரசியிருப்பார் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டு சட்டையை வாளியில் போட்டாள்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"ரத்தம் கெட்டியாகிட்டு வருதே. மாத்திரை ஒழுங்கா போகுதா?"

"ஒருநாள்கூட விட்டதில்ல டாக்டர்."

"சாப்பாட்டுல ஏதாவது மாத்தம்? கீரை, பச்சைச் சாறு?"

கறையக்கா கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தை, பழுதான லிஃப்டின் வரைபடத்தைப் பார்ப்பது போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல டாக்டர். இவ என்ன போடுறாளோ அதான்" என்றார்.

டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் கூட்டினார். எழுந்தபோது கறையக்காவின் தோளைத் தொட்டு, "வேலைக்கும் போறீங்க, வீட்டையும் பார்க்கறீங்க. நடுவுல மறந்துபோறது சகஜம்தான். என்கிட்ட மறைக்க வேண்டாம்" என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பஸ் நிறுத்தத்தில் கேட்டுவிட்டாள். "அண்ணி வீட்டுக்குப் போறீங்களா?"

"அக்காவைப் பார்த்தே மாசமாகுது."

"அந்தச் சட்டையில இருந்தது பெயிண்ட் இல்லைங்க."

"உன் ஹோட்டல் புத்தியை எங்கிட்ட காட்டாத. எவன் சட்டையில என்ன கறைன்னு மோந்து பார்க்கிற வேலையை அங்கேயே வச்சுக்க."

"என் மேல சத்தியம் பண்ணுங்க."

"உன் மேல சத்தியம். போதுமா?"

போதும் என்று வைத்துக்கொண்டாள். நம்பாவிட்டால் இனி காலம் முழுக்க அவர் பின்னால் போலீஸ்காரி மாதிரி திரிய வேண்டும். அதற்கு அவள் உடம்பில் தெம்பில்லை.

கூட்டிய மாத்திரைக்கு ரத்தம் கட்டுப்பட்டது. அடுத்த முறை பார்த்தபோது அளவு சரியாக நடுவில் நின்றது. "இதே மாத்திரையே இருக்கட்டும். அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று டாக்டரம்மா அனுப்பி வைத்தார்.

அந்த மாதத்தில் வெயில் ஏறியது. சந்தையில் கீரைக்கட்டுகள் சிறுத்தன. தண்டு நீண்டு, நுனியில் பொடிப்பொடியாய்ப் பூ தலைகாட்டியது. தோட்டம் வைத்த யாருக்கும் தெரியும், பூத்த கீரை கசக்கும். ஊரில் பாத்தி வைத்திருந்த எல்லோரும் அறுவடையை முடித்துக்கொண்டார்கள்.

ஒரு காலையில் கணவரின் தலையணை உறையில் காசளவு ரத்தத் திட்டுகள் இருந்தன. எத்தனையோ அறைகளின் ரத்தத்தைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி அனுப்பியவளுக்கு, தன் வீட்டு உறையை மட்டும் தண்ணீரில் போட மனம் வரவில்லை.

"ஈறுல லேசா கசியுது. பிரஷ் புதுசு" என்றார் அவர்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாங்க."

"சும்மா இரு. எதுக்கெடுத்தாலும் ஆஸ்பத்திரி."

அவள் தொலைபேசியை எடுத்துக்கொண்டிருக்கும்போதே குளியலறையில் பக்கெட் உருளும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது சுவரில் சரிந்து உட்கார்ந்திருந்தார். வாந்தி எடுத்திருந்தார். அது காபிப்பொடி கரைத்த நிறத்தில் இருந்தது. அது காபி இல்லை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவசரப் பிரிவில் ரத்தத்தைச் சோதித்த இளம் டாக்டர் வெளியே வந்து கேட்டார். "ரத்தம் தண்ணியா ஓடுது. வயித்துக்குள்ள கசிஞ்சிருக்கு. வீட்ல மாத்திரை குடுக்கிறது யாரு?"

"நான்தான்."

"கூடுதலா போயிருக்கு போலிருக்கே."

"இல்லைங்க டாக்டர். டாக்டரம்மா சொன்ன அளவுதான்."

டாக்டர் திரைச்சீலைக்குப் பின்னால் படுத்திருந்தவரிடம் திரும்பினார். "உங்களுக்கு ஏதாவது தெரியுமா? ஒரே நாள்ல ரெண்டு தடவை போட்டீங்களா?"

"எனக்கென்ன தெரியும் டாக்டர்" என்றார் மெக்கானிக், பலவீனமான குரலில். "அவ எடுத்துக் கையில குடுப்பா. நான் வாயில போட்டுக்குவேன்."

ஊசி ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து கறையக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவளிடம் எந்த மருந்தும் இல்லை. சுவரோரமாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒருவேளை நான்தானோ, தூக்கக் கலக்கத்தில் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக் கொடுத்துவிட்டேனோ என்று அவளே தன்னைக் குடைய ஆரம்பித்தாள். மருந்து ஏறி ரத்தம் நிற்கும்வரை அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

மறுநாள் வார்டுக்கு மாற்றியதும் நாத்தனார் வந்து சேர்ந்தாள். தோளில் ஒரு துணிப்பை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"நான் பார்த்துக்கிட்ட வரைக்கும் குதிரை மாதிரி இருந்தானே டாக்டரம்மா! இவகிட்ட முழுசா விட்டு ரெண்டு வாரம் ஆகல, ரத்தம் கக்க வச்சுட்டா."

படுக்கையருகே நின்றிருந்த டாக்டரம்மா திரும்பினார். "நீங்க பார்த்துக்கிட்டீங்களா? எப்படி?"

மெக்கானிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"குளிர் விட்டதுலேர்ந்து தினம் வேலை முடிஞ்சு நேரா என் வீட்டுக்குத்தான் வருவான். பசலை, கொத்தமல்லி, முள்ளங்கித் தழை எல்லாம் போட்டு ஒரு ஜக்கு சாறு. ஒரு தட்டு பச்சை இலை. முகம் எப்படி ஜொலிச்சுது தெரியுமா? இவளுக்குச் சொல்ல வேணாம்க்கா, கத்துவா அப்படின்னான். நான் எதுக்குச் சொல்றேன்? அப்புறம் வெயில் ஏறிடுச்சு, கீரை பூத்துடுச்சு. கசக்குமேன்னு நிறுத்தினேன். நிறுத்தினதும்தான் இவன் இப்படி ஆயிட்டான்."

போர்வைக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. டிக், டிக்.

கறையக்காவுக்குள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. பசியில்லாத சாயங்காலங்கள். சட்டைக்கை. பஞ்சில் ஏறிய பச்சை. அவள் தலை மேல் செய்த சத்தியம்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "தினம் அவ்வளவு கீரை போனதாலதான் ரத்தம் கெட்டியாச்சு. அது தெரியாம நான் மாத்திரையைக் கூட்டினேன். அந்தக் கூட்டின மாத்திரை, கீரையோட சண்டை போடக் குடுத்தது. நீங்க கீரையைச் சட்டுனு நிறுத்திட்டீங்க. எதிர்க்க ஆளில்லாம மாத்திரை முழுசா வேலை செஞ்சுடுச்சு. நிறுத்தாம இருந்திருந்தா இந்தக் கசிவு வந்திருக்காதுதான், ஆனா முதல்லயே..."

"கேட்டியா?" நாத்தனார் கறையக்காவின் பக்கம் திரும்பினாள். இணைப்பு அங்கேயே துண்டிக்கப்பட்டுவிட்டது. "நிறுத்தாம இருந்திருந்தா வந்திருக்காதாம். டாக்டரே சொல்றாங்க. பூத்தாப் பூத்துட்டுப் போகுதுன்னு குடுத்திருக்கணும். என் தப்புதான். அடுத்த வருஷம் தாமசமா இன்னொரு விதைப்பும் சேர்த்துப் போட்டுடுறேன், வெயில்லயும் தளிர் கிடைக்கும்."

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, தலையை ஆட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

போகும்போது நாத்தனார் துணிப்பையைக் கறையக்காவின் மடியில் வைத்தாள். "கடைசியாப் பறிச்சது. வீணாப் போகக் கூடாதேன்னு கொண்டாந்தேன். நீ எடுத்துக்க. உன் மூஞ்சியிலயும் ரத்தமே இல்ல."

அவள் போன பிறகு கறையக்கா கணவரின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"தூங்கலைன்னு தெரியும். நேத்து அந்த டாக்டர் கேட்டப்போ ஏன் சொல்லலை?"

அவர் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

"நர்ஸ் என்னைக் கொலைகாரி மாதிரி பார்த்தா. நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"அக்காவை மாட்டிவிடச் சொல்றியா?"

"என்னை மாட்டிவிட்டீங்களே."

அவர் கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்துச் சொன்னார். "அங்க யாரும் அளந்து போடல. போதும் போதும்னு சொல்ற வரைக்கும் போட்டாங்க. உன் வீட்ல உட்கார்ந்தா அந்தக் கிண்ணத்தைப் பார்க்கும்போதே நான் செத்துக்கிட்டிருக்கேன்னு தோணுது."

உன் வீடு என்றார். கறையக்கா அதைக் கேட்டுக்கொண்டாள். அந்தக் கிண்ணத்தில்தான் தானும் ஆறு வருடமாகச் சாப்பிட்டேன் என்று சொல்ல நினைத்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எழுந்து, அவர் போர்வையின் ஓரத்தை இழுத்துச் செருகினாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா மாத்திரையைப் பழைய அளவுக்கே இறக்கினார். "உங்க கிண்ணக் கணக்கையே வச்சுக்கங்க. அதுதான் இத்தனை வருஷம் காப்பாத்தியிருக்கு" என்றார். அதைக் கேட்க அங்கே கறையக்காவைத் தவிர வேறு யாரும் இல்லை. மெக்கானிக் சக்கர நாற்காலியில் லிஃப்டுக்குள் போய்விட்டிருந்தார்.

அவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் நாத்தனாரின் தொலைபேசி வேலை செய்துவிட்டது. கதவைத் திறக்கும்போதே மணி அடித்தது. கணவரின் சித்தப்பா. "இனிமேலாவது மாத்திரையைக் கவனமாக் குடும்மா. நல்லவேளை, அக்காக்காரி வந்து பார்த்தா." அடுத்து ஸ்டோரில் கூட வேலை செய்கிறவர். "கண்ணாடி போட்டுக்கிட்டு மாத்திரையைப் பாருங்க சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க." மெக்கானிக் பக்கத்து சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டும் அவர் காதில் விழுந்தன. டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

"சரிங்க. பார்த்துக்கிறேன்" என்று கறையக்கா போனை வைத்தாள்.

சமையலறையில் துணிப்பையைக் கவிழ்த்தாள். முற்றிய பசலை. தண்டெல்லாம் பூ. சில இலைகள் பழுத்திருந்தன. பழுத்ததை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு, மீதியைப் பூவோடு அலசி, பெரிய பாத்திரத்தில் போட்டு வேகவைத்தாள். உப்பு மட்டும் போட்டாள்.

மேஜையில் இரண்டு தட்டு. நசுங்கிய கிண்ணத்தில் கீரையை நிரப்பி, கத்தி முதுகால் வழித்து, அவர் தட்டில் கவிழ்த்தாள். பிறகு பாத்திரத்தை எடுத்து, மிச்சம் இருந்தது முழுவதையும் தன் தட்டில் கொட்டினாள். குவியலாக நின்றது. ஆவி பறந்தது.

மெக்கானிக் அவள் தட்டைப் பார்த்தார். பிறகு தன் தட்டைப் பார்த்தார்.

"அவ்வளவும் உனக்கா?"

"ஆமா. எனக்குத்தான் வால்வு நல்லா இருக்கே."

அவர் ஒரு வாய் வைத்தார். முகம் சுளித்தது. "பூத்த கீரை. கசக்குதே. எப்படித் தின்பே இதை?"

கறையக்கா தட்டை அருகில் இழுத்தாள். ஒரு கை அள்ளி வாயில் போட்டாள். கசப்பு நாக்கின் அடியில் இறங்கியது. மென்றாள். விழுங்கினாள். அடுத்த கை அள்ளினாள். டிவி விளம்பரத்துக்கு முன் ஒரு நொடி மௌனமானபோது, மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து டிக், டிக் என்று கேட்டது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவள் அதற்குக் காது கொடுக்காமல், தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.